முப்பத்தெட்டு வாசல்

யாருடைய காரில் ஏறினாலும் பிரேமலாவின் கட்டைவிரல் முதலில் இருக்கையின் ஓரத் தையலைத் தேடிப் போகும். கதவைச் சாத்தி, பெல்ட்டை மாட்டுவதற்குள் விரல் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓடி முடித்திருக்கும். போன மாதம் ரவாங் போக ஒரு வாடகைக் காரில் ஏறியவள், பாதி வழியில் ஓட்டுநரின் தோளைத் தட்டினாள்.

"தம்பி, இந்தக் கவர் எங்க போட்டீங்க? பக்கத்த அப்படியே மூடித் தச்சிருக்கான். மோதுனா உள்ள இருக்குற ஏர்பேக் வெளிய வராது. கழட்டிருங்க லா."

ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அக்கா, மோதுறதப் பத்தி இப்பவே பேசணுமா?"

வயது நாற்பத்தொன்பது. குட்டையான உருவம். குரல் மட்டும் உருவத்துக்குப் பொருந்தாது. நாற்பது தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். கோயிலில் அவள் ரகசியம் பேசினால் அர்ச்சகர் திரும்பிப் பார்ப்பார். நேரத்தை அவள் நிமிடத்தில் சொல்வதில்லை. ஓர் இருக்கை உறை தைத்து முடிக்க ஆகும் நேரம் ஒரு பீஸ். "ரெண்டு பீஸ் நேரம் பொறுங்க, சோறு வெந்துரும்" என்பாள். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லோரி ஓட்டும் கணவர் சேது அந்தக் கணக்கை என்றோ கற்றுக்கொண்டார். வீட்டில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைக்கும்வரை ஒருவரும் காலை எடுத்து வைக்கக்கூடாது. கிடைத்த துண்டுகளைச் சேர்த்து டேப் போட்டு நாட்காட்டியில் அன்றைய தேதியின் மேல் ஒட்டிவைப்பாள். தொழிற்சாலை விதி அது. வீட்டுக்கும் அதுவே விதி.

மலேசியாவில், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். இப்போது இருப்பது பெஸ்தாரி ஜெயாவில், மலிவு விலை அடுக்கு வீட்டின் மூன்றாம் மாடியில். ஊருக்குப் பெயர் மாறிப் பல வருடங்கள் ஆகியும் அவள் வாயில் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். அங்கிருந்து ரவாங்குக்குப் போகும் சாலையில் இருக்கிறது அவள் வேலை செய்யும் தொழிற்சாலை. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிறார்கள். பத்தொன்பது வருடங்கள் அங்கே தைத்தாள்; அதில் கடைசி எட்டு வருடங்கள் தையல் வரிசைக்குத் தலைவி.

கொரோனாவின் இரண்டாம் வருடத்தில் தையல் பிரிவை மூடினார்கள். வெளிநாட்டில் தைத்துக் கப்பலில் இறக்கினால் மலிவு என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. பணியாளர் பிரிவு அதிகாரி முகுந்தன் முப்பத்தெட்டு வேலைநீக்கக் கடிதங்களைக் கொண்டுவந்து பிரேமலாவின் மேசையில் வைத்தார்.

"நீங்களே கொடுத்துருங்கக்கா. ஒங்க கையால கொடுத்தா சத்தம் வராது."

சத்தம் வரவில்லை. ஒவ்வோர் இயந்திரமாகப் போய்ப் பெயரைச் சொல்லி ஒவ்வொரு கடிதமாகக் கொடுத்தாள். கடைசி இயந்திரத்தில் அன்பரசி இருந்தாள். பக்கத் தையலில் அவளை மிஞ்ச அந்த வரிசையில் ஆள் கிடையாது. ஏர்பேக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் இடம் அது. வருடக்கணக்கில் பிரியாமல் இருக்க வேண்டும்; கார் மோதும்போது அந்தக் கணமே பிரிய வேண்டும். அதற்குத் தனி நூல், தனித் தேர்வு. அன்பரசி கடிதத்தைப் படித்தாள், மடித்தாள். பிறகு பிரேமலாவின் வெறுங்கையைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒங்க லெட்டர் எங்கக்கா?"

பிரேமலா பக்கத்தில் கிடந்த பெட்டியை நகர்த்துவதுபோல் குனிந்துகொண்டாள்.

அவளுக்குக் கடிதம் இல்லை. கப்பலில் வரும் உறைகளைச் சரிபார்க்கச் சாமான் கிடங்கில் ஓர் ஆள் தேவைப்பட்டது. நான்கு வருடங்கள் பெட்டி பிரித்து, விரலால் தடவி, நல்லது கெட்டது பிரித்தாள். "அந்தத் தையல்ல ஒரு குத்தமும் சொல்ல முடியாது" என்பாள். "அங்கயும் நம்மள மாதிரி பொம்பளைங்கதான் ஒக்காந்து தச்சிருப்பாங்க." கிடங்கின் கதவைத் திறந்தால் எதிரே பழைய தையல் கூடம். இயந்திரங்கள் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றன. அவள் பெரும்பாலும் பின்கதவு வழியாகவே போய்வந்தாள்.

சென்ற வருடம் காற்று திசை மாறியது. நாட்டில் கார்கள் மறுபடி வேகமாக விற்றன. கப்பல்களோ வாரக்கணக்கில் தாமதமாயின. உறை வந்து சேராமல் கார் கம்பெனியின் உற்பத்தி வரிசை இரண்டு முறை நின்றுபோனது. உள்நாட்டிலேயே தைத்துக் கொடுத்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டார்கள். பொருளாதாரம் மீண்டுவிட்டது என்று சேது பத்திரிகையை உரக்கப் படித்தார். பிரேமலா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "யாரு மீண்டாங்களாம்? பேரு போட்டிருக்கா?"

மறுநாள் முகுந்தன் கிடங்குக்கே வந்தார். "லைனத் தொறக்கிறோம்கா. மூனு வாரத்துல கார் கம்பெனியோட டெஸ்ட். புது ஆளுங்களப் பழக்க நேரம் இல்ல. பழைய ஆளுங்களுக்கு ஒரு வாட்சப் போட்டுருங்க."

"லெட்டர கையில கொடுத்தேன். கூப்புடுறதுக்கு மட்டும் வாட்சப்பா?"

வேலை முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவளுடைய மோட்டார் சைக்கிள் ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் என்று சுற்றியது. ஒருத்தி மகளோடு கலும்பாங்கில் இருந்தாள், அங்கும் போனாள். முப்பத்தெட்டு வாசல். இருவர் ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தார்கள். ஒருத்தி வீட்டிலேயே தோசை மாவு ஆட்டி விற்றாள். ஒரு வீட்டில் மகள் வெளியே வந்து, "அம்மா தவறி ரெண்டு வருஷமாச்சு ஆண்டி" என்றாள். பிரேமலா உள்ளே போய், அந்தப் பெண் கலக்கிக் கொடுத்த மைலோவைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்தாள்.

இன்னொரு வீட்டில் கணவர் இரும்புக் கதவைத் திறக்காமலே கேட்டார். "இந்தத் தடவ எத்தன மாசத்துக்கு?"

"ஆறு மாசக் கான்ட்ரெக்ட்டுண்ணே."

"அப்புறம்?"

"தெரியலண்ணே."

தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பல கதவுகள் திறந்திருக்கும். அவள் சொல்லவில்லை. அப்படியும் பதினேழு பேர் வருவதாகச் சொன்னார்கள். "நீங்க சொல்றீங்க, வர்றோம்கா" என்றார்கள் சிலர். வரமாட்டேன் என்றவர்களைவிட இவர்கள்தான் அவளைத் தூங்கவிடாமல் செய்தார்கள்.

அன்பரசியின் வாசலைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தாள். அவள் கோலசிலாங்கூரில், அஜீஸா நடத்தும் சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் வேலை செய்தாள். கல்லாவில் இருந்த அஜீஸாவுக்கு வந்தவளைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

"சீட்டுக் கம்பெனியா? எங்க புள்ளையக் கூட்டிட்டுப் போவத்தான வந்திய?"

"கேட்டுட்டுப் போக வந்தேன்மா."

"கேளுங்க. கேட்டுட்டு சாப்டாம மட்டும் போயிராதிய."

பின்பக்கம் அன்பரசி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், கத்தி நிற்கவில்லை. பிரேமலா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தேர்வு நாள், சம்பளம், ஆறு மாதம். மீன் முழுவதும் முடிந்தபிறகு அன்பரசி கையைக் கழுவினாள்.

"அன்னிக்கு ஒன்னு கேட்டேன். அதுக்கு இன்னும் பதில் வரல."

பிரேமலாவின் பெரிய குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "எனக்கு லெட்டர் இல்ல. ஸ்டோர்ல எடம் போட்டிருந்தாங்க. அது எனக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் அந்த லெட்டருங்கள வாங்கி ஒங்களுக்கெல்லாம் கொடுத்தேன்."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

அன்பரசி ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தாள். "வேல வேணாங்கல. ஆறு மாசத்துக்கு வரமாட்டேன். இந்தம்மா என்னை ஒருநாளும் போன்னு சொன்னதில்ல. பெர்மனன்ட்டா எடுக்கச் சொல்லுங்க. எனக்கு மட்டும் இல்ல, வர்ற எல்லாருக்கும்."

அஜீஸா போட்ட சோற்றைப் பிரேமலா சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் ஆனது.

திங்கட்கிழமை காலையில் முகுந்தனின் அறைக்குப் போய் ஓர் ஆறு மாத ஒப்பந்தத் தாளைக் கேட்டு வாங்கினாள். அதில் தன் பெயரை எழுதினாள். எழுதியதை அவர் முன்னால் வைத்தாள்.

"என்னக்கா இது? நீங்க பெர்மனன்ட். இருவத்து மூனு வருஷ சர்வீஸ் போயிரும்."

"அவங்களையும் பெர்மனன்ட்டா எடுங்க. அவங்களுக்கு ஆறு மாசம்தான்னா எனக்கும் ஆறு மாசம். இல்லன்னா அவங்க முன்னாடி போய் நிக்க என்னால முடியாது தம்பி. ரெண்டும் இல்லன்னா அந்த லைன நான் எடுக்கமாட்டேன், வேற ஆளப் பாத்துக்குங்க."

முகுந்தன் தாளைத் தொடவில்லை. இரண்டு நாட்கள் அது மேசையிலேயே கிடந்தது. அந்த இரண்டு நாட்களும் அவள் சேதுவிடம் வாய் திறக்கவில்லை. சேதுவும் பத்திரிகையை மனத்துக்குள்ளேயே படித்தார். தேர்வுக்கு ஒன்பது நாட்கள் இருந்தபோது மேலிடம் இறங்கி வந்தது. திரும்பி வரும் பழைய ஆட்களுக்கு மூன்று மாதம் தகுதிகாண் காலம், பிறகு நிரந்தரம்.

"பழைய சர்வீஸ மட்டும் சேக்க முடியாதாம்கா" என்றார் முகுந்தன் தரையைப் பார்த்தபடி. "நானும் கேட்டுப் பாத்துட்டேன்." பிரேமலாவின் தாளை அவரே கிழித்துக் கூடையில் போட்டார்.

பழைய வருடங்கள் சேராது என்பதையும் சேர்த்தேதான் அவள் மறுபடி வாசல் வாசலாகச் சொல்லிவிட்டு வந்தாள். இருபத்தாறு பேர் வந்தார்கள். அன்பரசி, அஜீஸாவுக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை இருந்துவிட்டு, தேர்வுக்கு மூன்று நாட்கள் இருக்கையில் வந்து சேர்ந்தாள். அவள் தைத்த பத்து உறைகளைக் கார் கம்பெனியின் ஆள் கருவியில் மாட்டி இழுத்துப் பார்த்தார். பத்தும் பிரிய வேண்டிய அளவில் பிரிந்தன. அவர் தாளில் கையெழுத்துப் போட்டபோது யாரும் கைதட்டவில்லை. தேநீர் மணி அடித்திருந்தது.

இது நடந்து ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன. அன்பரசி இப்போது பிரேமலாவை 'அக்கா' என்று அழைப்பதில்லை. எல்லோர்முன்னும் 'லீடர்'தான். வேலையைப் பற்றிப் பேசுவாள், நூல் தீர்ந்தால் கேட்பாள், அவ்வளவுதான். பிரேமலாவும் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. மதிய உணவு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையின் நீண்ட மேசையில் இருபத்தாறு பேரும் நெருக்கியடித்து உட்கார, அவள் தண்ணீர்க் குழாயோரம் நின்றே சாப்பிட்டு முடித்துவிடுவாள். யாராவது கேட்டால், "ஒக்காந்தா கால் வலிக்குது" என்பாள்.

சென்ற வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் டப்பாவோடு நின்றாள். அன்பரசி பேச்சு சுவாரசியத்தில் இருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பேசிக்கொண்டே பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலால் அந்த நாற்காலியைக் கொஞ்சம் வெளியே தள்ளினாள்.

பிரேமலா அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். டப்பாவின் மூடியைத் திறந்து, நெத்திலி சம்பலை மேசையின் நடுவே தள்ளி வைத்தாள்.