நீதவானிடம் இல்லாத அதிகாரமும் ஒரு மாதத் தவணையும்

தீவுப்பகுதி நீதிமன்றம் ஒன்றில் சட்டத்தரணியின் எழுத்தராக, கிளாக்காக முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். காற்று அடிக்கும் நாளில், படகில் வரவேண்டிய நெடுந்தீவார் பெயரைக் கூப்பிட்டால் நான் எழும்பி, "போட் ஓடேல்லை, ஐயா" என்பேன். பிடியாணை வராது, வேறு திகதிக்குத் தவணை கிடைக்கும். நீதிமன்றத்தைக் கோடு என்போம்; அது எங்கள் கோட்டு வழக்கம். அந்த வழக்கமே ஒருமுறை என் கண்ணைக் கட்டிவிட்டது.

தர்மலிங்கம் நெடுந்தீவில் மாடு வளர்ப்பவர், அயலாரின் மாடுகளையும் பொறுப்பெடுத்துப் பார்ப்பவர். ஒருவரின் நாம்பன் மாடு காணாமற் போய் அவர் பொலிஸில் முறைப்பாடு கொடுக்க, அதேமாதிரி ஒன்று தர்மலிங்கத்தின் பட்டியில் நின்றது. "சுட்ட குறியைப் பாருங்கோ, அது என்ரை குறி" என்று அவர் கத்தியும் பொலிஸ் பார்க்கவில்லை. களவென்று பிடித்துப் போக, பதினாலு நாள் விளக்கமறியல் சிறை. பிறகு கிராம அலுவலர் வந்து குறியைப் பார்த்தார். மாடு தர்மலிங்கத்தினுடையதேதான். போதிய சாட்சி இல்லை என்று பொலிஸ் எழுதிக் கொடுக்க, விடுதலையானார். அதற்குள் அயலார் தங்கள் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பிழைப்பே போய்விட்டது.

கூண்டில் நின்றபடியே நட்டஈடு கேட்டார். நீதவான் பொறுமையாகச் சொன்னார்.

"கைது பிழை எண்டு தீர்ப்புச் சொல்லி நட்டஈடு தர எனக்கு அதிகாரம் இல்லை. முறைப்பாடு பொய்யெண்டால் முறைப்பாட்டுக்காரரிட்டை ஒரு சின்னத் தொகை வாங்கித் தரலாம். இவர் பொய் சொல்லேல்லை, மாடு துலைஞ்சது உண்மைதானே. பொலிஸின்ரை பிழைக்கு நீர் கொழும்புக்குத்தான் போகவேணும்."

கொழும்பு என்றால் உயர் நீதிமன்றம். அடிப்படை உரிமை மனுவைப் பிடித்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். மறியலிலேயே பாதி மாதம் போயிருந்தது. கொழும்பில் ஒரு சட்டத்தரணி மனுவை எழுதி எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினார். கையெழுத்து மட்டும்தான் மிச்சம். அந்த மாதத்தின் கடைசிக் கிழமை முழுக்கக் கடல் குழம்பியது. தர்மலிங்கம் போன் எடுத்தார்.

"அண்ணை, போட் இல்லை. நாள் முடியப்போகுதெல்லோ?"

"பயப்பிடாதையும். போட் ஓடாட்டி கோட்டுக்கு விளங்கும். கடல் அடங்க வாரும்."

எவ்வளவு தைரியமாகச் சொன்னேன், பாருங்கள்! மாதம் முடிந்து நாலாம் நாள் வந்து கையெழுத்து வைத்தார். நான் கொழும்புச் சட்டத்தரணிக்குப் போன் எடுத்து, கடலைக் காரணம் காட்டலாமா என்று கேட்டேன்.

"அந்த நாளிலை அவர் உமக்குப் போன் எடுத்தவரோ?"

"ஓம், ஐயா."

"யாழ்ப்பாணத்து மனித உரிமை அலுவலகத்திலை அவருக்காக நீர் ஒரு முறைப்பாடு குடுத்திருந்தால் மாதக் கணக்கு ஓடாமல் அங்கை நிண்டிருக்கும். நீர் கரையிலை சும்மா இருந்துபோட்டு, ஏலாமல் போச்சுதெண்டு நான் எப்பிடி எழுதிறது?"

மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா என்று கேட்டேன். வன்மத்தோடு பிடித்தார்கள் என்று நிரூபிக்க வேண்டுமாம். பொலிஸுக்கு இவரோடு என்ன பகை?

அதன்பிறகு கைது வழக்கு வந்தால் முதல் வேலையாகப் பிடித்த திகதியைக் கோப்பு மட்டையில் சிவப்பு மையில் எழுதுவேன். அன்றைக்கே மனித உரிமை அலுவலகத்துக்கு முறைப்பாடும் போகும். நம்முடைய கோடு எதைத் தரும், எதைத் தராது என்பதை மட்டும் படித்தவன் அரைக் கிளாக்தான். இது என் பிழையால் நான் படித்தது. இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தர்மலிங்கத்திடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"காசுக்கு இல்லை அண்ணை. பிடிச்சது பிழை எண்டு ஆராவது எழுதித் தந்தால் மாட்டுக்காரருக்குக் காட்டலாம் எண்டு பாத்தனான். என்னை விட்ட பேப்பரிலை என்ன கிடக்கு?"

"போதிய சாட்சி இல்லை எண்டு."

"அப்ப, களவெடுத்தனான், பாத்த ஆள்தான் இல்லை. அப்பிடியோ?"

 போட் வெளிக்கிடும் நேரமாக, அவர் பேப்பரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.