தனிச்சொல்லில் யார்

2023 ஜூன் 14, புதன்கிழமை. காலையில் கிணற்றில் குளித்து, வேட்டியை மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டேன். வேலை பார்க்கும் நூலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, வந்தாறுமூலையிலிருந்து கிரானுக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு முதியவரின் முப்பத்தோராம் நாள் சடங்கு. அன்று சபையில் பாடப்படவிருந்த கல்வெட்டு என்னும் இரங்கற்பாப் புத்தகத்தை எழுதியவன் நான்.

கல்வெட்டில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரும். அவரவர் அழுகையை நான்தான் எழுதுவேன். இந்த வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. பாரிசவாதத்தில் கிடந்த தகப்பனைக் கடைசிவரை பார்த்தவள் மூத்த மகள். புருசன் விட்டுப் போனபின் தகப்பனோடு வந்து இருந்தவள். அவளுக்கு ஒரு தனிப் புலம்பல் எழுதலாமா என்று கனடாவிலிருந்த அவள் தம்பியிடம், அந்த வீட்டின் மூத்த மகனிடம், தொலைபேசியில் கேட்டேன்.

"வாழாவெட்டிக்கு என்ன தனிப் புலம்பல்? சனம் சிரிக்கும்" என்றான்.

அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"எனக்கு ஒரு சொல்லுக் காணும் அண்ணன். நான்தான் பார்த்தனான் எண்டு தெரிஞ்சாச் சரி."

ஆகவே, மக்கள் புலம்பலின் முதல் வெண்பாவில் தனிச்சொல்லை அவளுக்குக் கொடுத்தேன். இரண்டாம் அடியின் கடைசியில், ஒரு கோட்டுக்குப் பின்னால், அது ஒற்றையாய் நிற்கும். இரண்டு அடிகளின் முதற்சொற்களோடும் எதுகையில் மோதும். பாடுகிறவர் அதற்கு முன் மூச்சை நிறுத்துவார். சபை அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கும்.

காத்திருந்து கஞ்சியினைக் கையால் பருக்கியவர்
பூத்தமுகம் வாடாமல் போற்றியவர் - மூத்தமகள்

"இந்தச் சொல்ல ஆரும் கழட்ட ஏலா புள்ள. கழட்டினாப் பாட்டு விழுந்திடும்" என்றேன். அவள் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

சடங்குக்கு வந்திறங்கிய தம்பிதான் புத்தகத்தை அச்சகத்திலிருந்து எடுத்து வந்திருந்தான். பாடியவருக்குக் கூத்தில் பழகிய குரல். இரண்டாம் அடியில் நிறுத்தினார். பலகாரத் தட்டோடு குசினி வாசலில் அவள் நின்றாள்.

"மூத்தமகன்" என்று இறக்கினார்.

காத்தி, பூத்த, மூத்த. எதுகை மூன்றும் ஒழுங்காக விழுந்தன.

"கனடாவில இருந்தோகா கஞ்சி பருக்கினவன்?" என்று பாயிலிருந்த ஒரு பெண் சிரித்தாள்.

"சும்மா இருகா. பாட்டுல வந்திருக்கெல்லோ" என்று பக்கத்திலிருந்தவள் அடக்கினாள்.

பந்தலுக்கு வெளியே தம்பியைப் பிடித்தேன். "நான் மகள் எண்டுதானே எழுதித் தந்தன்?"

"மாத்தினதால பாட்டு உடைஞ்சிட்டா சேர்?"

மனதுக்குள் சீர் பிரித்துப் பார்த்தேன். ஒரு அசைகூடப் பிசகவில்லை.

"இல்ல."

"மறுகா என்ன? சத்தம் நல்லாத்தான் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க."

சோறு பரிமாறியவள் அவள்தான். தம்பியின் இலையில் முதலில் வைத்தாள். என்னிடம் வந்ததும் குனிந்தபடி சொன்னாள்:

"ஆரும் கழட்ட ஏலா எண்டீங்க."

"கழட்டல்ல புள்ள. அந்த இடத்துல வேற சொல்லை வச்சிருக்கான்."

"அப்ப உங்கட பாட்டுக்கு ரெண்டு பேரும் ஒண்டுதான்" என்று சொல்லி, இன்னொரு அகப்பை சோறு வைத்தாள். போதும் என்று கையை நீட்டினேன். அவள் பார்க்கவில்லை.

மறுநாள் காலை முகம் கழுவுமுன் மேசையில் உட்கார்ந்தேன். மூத்தமகளை முதற்சொல்லாக வைத்துப் புதிய வெண்பா ஒன்று எழுதினேன். எழுதி முடித்ததும் அவளை எடுத்துவிட்டு, மூத்தமகனை வைத்துப் படித்தேன். அதுவும் நின்றது.