கடைசியில் நிற்கும் சந்தனம்

பாலிகஞ்ச் கடையில் அம்மாவுக்கு சென்ட் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஆரஞ்சு மணக்கும், பிறகு மல்லிகை, கடைசிவரை சந்தனம் நிற்கும் என்றாள் விற்பனைப் பெண்.

சந்தனம் எழுந்ததும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நாங்கள் முன்பு இருந்த கிடர்பூர் குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்தது. அப்பாவுக்குக் கஸ்டம்ஸ் வேலை. வீட்டில் வெளிநாட்டு சென்ட் மணந்தால் லஞ்சம் என்றுதான் பேசுவார்கள். ஒருநாள் யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்த வெளிநாட்டுச் சந்தன சென்ட் பாட்டிலை அம்மா ஆசையாக முகர்ந்தபோது, மணிக்கட்டில் கொஞ்சம் சிந்திவிட்டது. அந்நேரம் பார்த்து அப்பாவின் வங்காளி மேலதிகாரி படியேறி வந்தார்.

அப்பா சிரித்த முகம் மாறாமல், வந்தவருக்குப் புரியாத தமிழில் அம்மாவிடம், “அடுப்புல மிளகாயைக் கருக்கு, சீக்கிரம்” என்றார். நெடி வீட்டை நிறைத்தது. எல்லோரும் இருமினோம். வந்தவர் காபிகூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

இப்போது கடையில், சென்ட் தடவிக் கொடுத்த காகிதத் துண்டை அம்மா நெடுநேரம் முகர்ந்தாள்.

“இதையே வாங்கு” என்றவள், கடை வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “பில்லை மட்டும் தூக்கிப் போட்டுடாதே.”