பீரோவில் வைத்த காது

மிஷின் சத்தத்தில்கூட என் மகள் அசையாமல் தூங்குகிறாள் என்று எல்லாரும் மெச்சினார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நான்கு பனியன் மிஷின்கள் ஓடின. நான் மூலையில் நூல் சுற்றுவேன், பக்கத்தில் தூளி தொங்கும். மற்றவர்களின் குழந்தைகள் வீறிட்டுக் கத்தும். இவள் கண்ணைத் திறக்கமாட்டாள். "கம்பெனிக்குன்னே பொறந்த புள்ள" என்பார்கள்.

அந்தக் கொட்டகையில் வாயால் பேசினால் யாருக்கும் கேட்காது, எல்லாம் கைதான். இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. உள்ளங்கையைக் கவிழ்த்தால் கரண்ட் போய்விட்டது. இரண்டு வயதில் என் மகளுக்கு இத்தனையும் அத்துப்படி. வாயில் ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் அவள் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் கையை ஆட்டச் சொல்லிக் காட்டி, "எத்தன சூட்டிகை பாருங்க" என்று பூரித்துப்போவார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மிஷின் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டேன். கத்திக் கூப்பிட்டேன். அவள் பாட்டுக்குப் புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, புள்ளைக்குக் காது கேக்கலீங்க."

"வாயக் கழுவு" என்றார் என் கணவர்.

நாத்தனார் ஒரு படி மேலே போனாள். "எந்தம்பியே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். பெத்த புள்ளையையே கரிச்சுக் கொட்டாத."

அவர் மகளைக் கொட்டகைக்குத் தூக்கிப்போய்ப் பலகை மேல் உட்காரவைத்து, பின்னால் நின்றுகொண்டு ஸ்பேனரை அதே பலகையில் ஓங்கிப் போட்டார். அவள் திரும்பினாள். "பாத்தியா, கேக்குது!" என்று குதித்தார். உட்கார்ந்திருக்கும் பலகை அதிர்ந்தால் யார்தான் திரும்பமாட்டார்கள்? சொன்னேன். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள், முருகனுக்கு மொட்டை போட்டார்கள். நாலு வயது முடிந்துவிட்டது.

கடைசியில் என் அண்ணன் வந்து சண்டை போட்டுக் கோயம்புத்தூர் டாக்டரிடம் அழைத்துப்போனார். "இத்தன நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பெற்ற அப்பன் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் கேக்குது. காது மிஷின் மாட்டுங்க. எந்திரிச்சதுல இருந்து தூங்கற வரைக்கும் காதுல இருக்கணும். பேசிக்கிட்டே இருங்க. இந்த வயசையும் விட்டுட்டா அப்புறம் பேச்சு வராது."

சிகரெட் பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். மாட்டிய அன்று வாசலில் காக்கை கரைந்தது. என் மகள் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சில நாள் கழித்து என் வாயைப் பார்த்து "ம்மா" என்றாள்.

அதற்குள் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "பஞ்சுத் தூசி அடைச்சுக்கும், வெல ஒசந்த பொருளு. சொந்தக்காரங்க பாத்தா நாளைக்கு யாரு கட்டுவாங்க?" என்று பெட்டியைப் பீரோவில் என் சங்கிலியோடு வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில். தீபாவளிக்குக் கொஞ்ச நேரம் வெளியே வரும்.

"அது என்ன நகையா?" என்று கத்தினேன்.

"நகைய விட ஒசத்தி. அதுக்குத்தான் பத்திரமா வெச்சிருக்கறேன்."

மகள் பீரோ முன்னால் நின்று காதைத் தொட்டு, சாவி திருகுவதுபோல் கையைத் திருகிக் காட்டுவாள். "சாவி கேக்குது பாரு, என்ன சூட்டிகை!" என்று சிரித்துவிட்டுக் கொட்டகைக்குப் போவார். பாவி மனுஷன், அன்பாகத்தான் சிரித்தார்.

ஒரு நாள் அவர் நூல் வாங்கப் போயிருந்தபோது கடப்பாரையால் பீரோவைப் பெயர்த்தேன். உள்ளே பேட்டரி ஒழுகிப் பெட்டியெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. துடைத்து அவளுக்கு மாட்டினேன். "கண்ணு, கண்ணு" என்று கத்தினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக உள்ளங்கையைக் கவிழ்த்தாள்.

சாயங்காலம் வந்தவர் கேட்டது, "பீரோவ எதுக்கு ஒடச்சே?"

அவள் பெரியவளாகும் சமயத்தில்தான் இன்னொரு பெட்டி வாங்கினார். "ம்மா" திரும்ப வரவேயில்லை. ஒரு வாரம் மாட்டியிருந்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே கழற்றி ஒயரை ஒழுங்காகச் சுற்றி, பீரோவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.