சிரட்டைக்கு அடியில் எத்தனை

கண்ணெதிரே இருப்பதை எண்ணிவிடலாம். இல்லாததை எதைக் கொண்டு அளப்பது? கமலாசனியின் வாழ்க்கை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது போலத் தோன்றுகிறது. அவள் வாய்விட்டுக் கேட்டவளல்லள்.

1958ஆம் ஆண்டு கரவெட்டியிலிருந்து வன்னியில் துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு அவளை ஆசிரியையாக அனுப்பினார்கள். கணவன் தவறி அதிக காலம் ஆகவில்லை. காட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து, சின்னஞ்சிறு மகள் விமலேஸ்வரியைத் தன் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தாள்.

"ஒரு வருசம்தானே அக்கா, இடமாற்றம் எடுத்துக்கொண்டு வந்திடுவன்."

வன்னிக்கு வந்த வாத்திமார் எல்லோரும் சொல்லும் வசனம் அது.

முதலாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் இருபதுவரை ஒப்புவித்தார்கள். ஆனால் மஞ்சாடி விதைகளைப் பரப்பி எண்ணச் சொன்னால் ஒன்று குறைந்தது. யோசித்துப் பார்த்தபோது பிழை எங்கே என்று தெரிந்தது. சூடடித்த களத்தில் நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை "ஒன்று" என்பதில்லை, "லாபம்" என்பார்கள். பிள்ளைகளும் முதல் விதையைத் தொட்டு "லாபம்" என்றார்கள். அடுத்ததைத் தொடும்போதுதான் சிலருக்கு "ஒண்டு" பிறந்தது.

அவள் எண்ண வைப்பதையே சிறிது காலம் நிறுத்தினாள். நெல் புடைக்கும் சுளகில் ஐந்தாறு விதைகளைப் போட்டு, ஒரு கணம் காட்டிவிட்டுச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

"என்ன கண்டனீங்கள்?"

"மூண்டும் ரெண்டும், ரீச்சர்!"

"பொய்! நாலும் தனிய ஒண்டும்!"

"ரெண்டு பேரும் சரி. ஏன் சண்டை?"

பிறகு தேங்காய்ச் சிரட்டை வந்தது. விதைகளைக் காட்டி, சிலதைச் சிரட்டையால் மூடி, வெளியே மிஞ்சியதைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லவேண்டும். பெரிய கண்டுபிடிப்பென்று இதைச் சொல்லமாட்டேன். பல நாட்கள் வகுப்பு வெறும் கூச்சலாகவே முடிந்தது. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் தொகையைக் கண்ணால் காணத் தொடங்கினார்கள்.

ஒரு விடுமுறையில் அதே விளையாட்டை மகளுடன் விளையாடிப் பார்த்தாள். மகள் இப்போது தமக்கையை "அம்மா" என்றாள். பெற்றவள் "துணுக்காய் அம்மா".

"உள்ளுக்கை எத்தினை, குஞ்சு?"

பிள்ளை சிரட்டையைத் தூக்கி எறிந்தது. "ஏன் ஒளிக்கிறியள்? வெளியிலை வையுங்கோவன்!"

திரும்பும் வழியில், மாங்குளம் வரும்வரை அவள் பஸ் யன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

பாடசாலைகளைப் பார்வையிடும் வித்தியாதரிசி வருவதாகத் தகவல் வந்தது. அவர் சொன்னால் மாற்றம் கிடைக்கும். சொல்லாவிட்டால் இன்னொரு ஆண்டு. தலைமை ஆசிரியர் ஏரம்பு பதறினார்.

"அந்த மனுசனுக்கு வாய்ப்பாடுதான் பிடிக்கும். சுளகைக் கொண்டுபோய் அடுப்படியிலை வையுங்கோ, பிள்ளை."

இரண்டு நாள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் சுளகைத் திரும்ப எடுத்தாள்.

வந்தவர் முன்வரிசை நாகேஸ்வரியை எண்ணச் சொன்னார்.

"லாபம், ரெண்டு, மூண்டு..."

"ஒண்டு எங்கை? குரங்கு கொண்டுபோட்டுதோ?"

வகுப்பே சிரித்தது. நாகேஸ்வரி சிரிக்கவில்லை. "ஒண்டு எண்டு சொன்னால் நெல்லுப் பொலியாது, ஐயா."

ஏரம்பு தலையைக் குனிந்துகொண்டார். வித்தியாதரிசி சுளகைப் பார்த்து, தானே ஏழு விதைகளைப் போட்டார். கொஞ்சத்தைச் சிரட்டையால் மூடினார். அவர் கையை எடுக்குமுன்னரே, "மூண்டு!" என்றாள் நாகேஸ்வரி. மாற்றி வைத்தார். மறுபடியும் சரி. கதிரையை இழுத்துப் போட்டு நெடுநேரம் பிள்ளைகளோடு விளையாடினார். போகும்போது கமலாசனியிடம், "எவ்விடத்துக்கு மாற்றம் கேட்டனீங்கள்?" என்றார்.

தை மாதம் சொந்த ஊர்ப் பாடசாலையில் கடமையேற்றாள்.

"முதலாம் வகுப்பை உங்களுக்கெண்டே வைச்சிருக்கிறம்," என்றார் அங்கிருந்த தலைமை ஆசிரியர். "உங்கட மகளும் அதுக்குள்ளைதான்."

அரைச்சுவருக்கு மேலாகப் பார்த்தாள். விமலேஸ்வரி முன்வரிசை வாங்கில் இருந்தாள். தமக்கை பின்னிவிட்ட இரட்டைப் பின்னல். துணுக்காயில் அவள் ஏங்கியதெல்லாம் இந்த ஒரு காட்சிக்காகத்தான்.

"எனக்கு ஐந்தாம் வகுப்பைத் தாங்கோ, சேர்," என்றாள்.

அவர் காரணம் கேட்டார். அன்று பின்னேரம் தமக்கையும் கேட்டாள். அவள் மஞ்சாடி விதைகளை மூடாமல் மகளின் முன்னே பரப்பினாள்; 'ரீச்சர்' என்று பழகிய வாய்க்கு 'அம்மா' வராது.