கயிற்றுக் கட்டிலில் இறங்கிய விமானம்

பிள்ளைகளா, ஆளில்லா விமானத்தை நீங்கள் இப்போது கல்யாண வீட்டிலேயே பார்த்துவிடுகிறீர்கள். தொண்ணூறுகளில் அப்படி ஒன்றை நின்ற இடத்திலிருந்து நேரே கிளப்பி நேரே இறக்க உங்கள் அப்பா பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். பொறியியல் கல்லூரிப் பட்டறையில் கடைசல் வேலை. அங்கே பாடம் நடத்திய சார் ஒருவர், வயலுக்கு மருந்தடிக்கும் பம்பின் எஞ்சினைக் கழற்றி, நான் செதுக்கிய மர விசிறியைப் பூட்டி, ரேடியோவில் ஓட்டும் சின்ன விமானம் செய்தார். ஏறுவதில் ஒரு குறையும் இல்லை. இறங்கும்போதுதான், தரைக்கு ஒரு முழம் இருக்கையில் ஆடிச் சாய்ந்துவிடும். மூன்று விசிறி சிதறிப் போயிற்று. நாலாவதும் உடைந்தால் வேலையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்றார் பிரின்சிபால். மறுநாள் காலை தானே பார்க்க வருவதாகவும் சொல்லிவிட்டார்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு அரிசி மில்லின் நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில்தான் சோதனை. ஒரு நெல்மணி இல்லாமல் பெருக்கி, தண்ணீர் விட்டுக் கழுவித்தான் இறக்குவோம். கோளாறே அந்த வழவழப்பான தரையில்தான் என்று யார் கண்டது?

அன்று மாலை, குனிந்து குனிந்து இடுப்பு வலித்ததால், விமானத்தை மில் காவல்காரரின் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வைத்துக் கட்டி, எஞ்சினை ஓட்டினேன். களத்தில் கட்டிப்போட்டாலும் கிடுகிடுக்கும் சாமான், கட்டிலில் அசையவில்லை. அடியில் கையை விட்டுப் பார்த்தேன். காற்று கயிற்றிடையே புகுந்து கீழே ஓடியது. களத்தில் அதே காற்றுதான் தரையில் மோதித் திரும்பி விமானத்தைப் புரட்டியிருக்கிறது.

"சார், கட்டில்ல இறக்குவோம்."

"பிரின்சிபால் சிரிப்பாரே, அண்ணாச்சி!"

"விழுந்தா மட்டும் அழவா போறாரு?"

காவல்காரர் குறுக்கே வந்தார். "நான் படுக்குத கட்டில்லா வே அது! கயிறு அந்துதுன்னா நீருதான் பின்னித் தரணும், ஆமா."

மறுநாள் காற்று எழும்புமுன் கிளப்பினோம். மில் கூரைக்கு மேலே போய் நின்றது. சார் பைய இறக்கினார். அந்த ஒரு முழமும் வந்தது. விமானம் ஆடவில்லை. அடைகாக்கிற கோழி மாதிரி கட்டிலில் அமர்ந்தது.

பிரின்சிபால் சிரிக்கத்தான் செய்தார், கையைத் தட்டிக்கொண்டே. "இன்னொரு தடவை இறக்குங்க!" ஐந்து தடவை இறக்கினோம். விசிறியில் ஒரு கீறல் இல்லை.

"எங்கட்டில் பாஸாயிட்டு வே!" என்றார் காவல்காரர்.

எல்லோரும் காப்பி குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை. யாரும் பார்க்கவில்லையே என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயால் எஞ்சின் சத்தம் போட்டபடி, உள்ளங்கையைத் தலைக்கு மேலிருந்து பைய இறக்கி, அந்தக் கயிற்றின் மேல் வைத்தேன்.