வாறது பக்கத்தில் ஒரு பெயர்

சிவமலர் அக்காவைத் தெரிந்த எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

செய்தி வந்தபோது நான் விமானத்துக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். கொழும்பில் இருந்து வந்த ஆக்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அக்காவின் தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்து, "அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றா. வாறதைச் சொல்லாமல் போறதை மட்டும் சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. வீட்டுக்குக் கிளம்பும்போதும் "போட்டு வாறன்" என்றுதான் சொல்லுவா. நான் கடைசிக் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆள் இருப்பதுபோல அதன் இடுப்புப் பட்டி பூட்டிக் கிடந்தது. அதில் வரவேண்டிய ஆள் கொழும்பிலேயே நின்றுவிட்டார் என்று பிறகுதான் அறிந்தேன்.

எங்கள் விமானத் திடலுக்கு வருவது படையினர் வாடகைக்கு எடுத்த சின்ன விமானம். விடுமுறையில் போகிறவர்களையும் வேலையாட்களையும் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும். யாருக்கு இடம் என்று பட்டியல் எழுதுவது அக்கா. கொழும்புக்குப் போறது ஒரு பக்கம், திரும்பி வாறது ஒரு பக்கம். தேத்தண்ணியும் துப்புரவும் என் வேலை.

ஒரு காலத்தில் அந்த விமானம் பாதி வெறுமையாகத் திரும்பி வந்தது. பட்டியலிலோ இடமே இல்லை. அதனால் இன்னொரு விமானமும் வாடகைக்குப் பிடித்தார்கள். பெரிய அதிகாரி பட்டியலைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். மாற்றலாகி ஒரேயடியாகப் போனவர்களின் பெயரையும் அக்கா வாறது பக்கத்தில் எழுதியிருந்தா. ஏன் என்று கேட்டார்.

"போறது பக்கத்தில மட்டும் ஒருதரின்ர பேரை எழுத எனக்குக் கை வராது சேர்" என்றா அக்கா.

அவாவின் தம்பி, மாங்குளத்தில் ஒரு காலையில் "போறன்" என்று சொல்லிச் சைக்கிள் ஏறினவர். இன்னும் வரவில்லை. இதை அதிகாரிக்கு அவா சொல்லவில்லை. அவரும் கோபப்படவில்லை. அடுத்த மாதமும் இப்படியென்றால் அவாவின் கதிரைதான் வெறுமையாகும் என்றார்.

மறுநாள் அக்கா ஒரு கொப்பி கொண்டுவந்தா. திரும்பாதவர்களின் பெயரை அதில் "வாறது" என்று போட்டு எழுதினா. பட்டியலில் அவர்களின் இடம் மற்றவர்களுக்குக் கிடைத்தது. விமானம் நிரம்பி வந்தது. இரண்டாவது விமானம் நின்றது. அதிகாரி பகிடியாக, கொப்பியில் இருப்பவர்கள் உண்மையாகவே வந்து ஏறினால் என்ன செய்வது என்று கேட்டார்.

"அவை கதிரை கேக்க மாட்டினம் சேர்."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

சத்திரசிகிச்சைக்கு அவா கொழும்புக்குப் போன நாளில் கை நடுங்கியது. பேனை பிடிக்க முடியவில்லை. அவாவின் பெயரைப் பட்டியலில் நான்தான் எழுதினேன். எனக்கு எழுத்து ஓடாது. போறது பக்கத்தில் எழுதி முடிக்கவே விமானம் உறுமத் தொடங்கிவிட்டது. ஏணியில் நின்று திரும்பிப் பார்த்து, "கொப்பியிலயும் எழுதினியோ பிள்ளை?" என்று கேட்டா.

"ஓம்" என்றேன். எழுதவில்லை. அவா திரும்பி வருவாதானே, கொப்பி எதற்கு என்று நினைத்தேன்.

செய்தி வந்த அன்று, கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைப் போட்டுவிட்டு, அக்கா பட்டியல் எழுதும் கந்தோருக்கு ஓடினேன். பிந்தியாவது எழுதுவோம் என்றுதான். கொப்பி அவாவின் மேசை லாச்சிக்குள் இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். வாறது என்பதன் கீழே அவாவின் பெயர் இருந்தது. வட்ட வட்டமான அவாவின் எழுத்து. நடுக்கம் இல்லை. செய்தி வந்த அன்றைய திகதி.

எப்படி எழுதினா என்று எனக்குத் தெரியாது. அவா போன நாளில் இருந்து லாச்சியைப் பூட்டித் திறக்கும் திறப்பு என்னிடம்தான் இருந்தது. இதை ஒருதருக்கும் நிரூபிக்க நான் எழுதவில்லை. நான் சொன்ன பொய்யை அவா தானே திருத்திவிட்டா என்றுதான் எனக்குப் படுகிறது.

கொப்பியை இப்போது நான் வைத்திருக்கிறேன். திரும்பாதவர்களின் பெயரை மெல்ல மெல்ல, விமானம் உறுமினாலும், எழுதி முடித்த பிறகுதான் "ஓம்" என்கிறேன். கடைசிக் கதிரையை எப்போதும் யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். வெறும் கதிரை வருவது அக்காவுக்கும் பிடிக்காது. ஆனாலும் எல்லாரும் இறங்கிய பிறகு சில நாட்களில் அந்தப் பட்டி பூட்டித்தான் கிடக்கிறது. கழற்ற முன்னம் நான் கேட்பேன்:

"அக்கா, இறங்கியாச்சோ?"